அரிசி வாளி

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஹென்டர்சன் பகுதியில் என் கணவர் வேலை செய்த கொட்டகைக்கு வெளிநாட்டுச் சுரங்கங்களிலிருந்து கோபால்ட் உலோகம் கலந்த கல் வரும். அதை மாவாக அரைத்துச் சோதனைக்கு அனுப்புவது அவர் வேலை. கல் வந்த நீல வாளிகளைக் காலியானதும் அங்கே எறிந்துவிடுவார்கள். இறுக்கமான மூடி போட்ட வாளியை எறிய எந்த யாழ்ப்பாணத்தாருக்கு மனம் வரும்? ஒன்றைக் கொண்டுவந்து, கழுவி, வெயிலில் காயவைத்தார். நான் அதில் அரிசி கொட்டிச் சமையலறை மூலையில் வைத்தேன். எங்கள் நான்கு வயது மகள் போகும்போதும் வரும்போதும் ஒரு பிடி அள்ளிப் பச்சையாகவே மென்றாள்.

ஒருநாள் பின்னேரம் சோற்றைப் பிசைந்தபடி அவர் சொன்னார்: "இண்டைக்கு எல்லாருக்கும் மாஸ்க் தந்தவங்கள். அந்தக் கல்லுக்குள்ள ஆர்செனிக்கும் இருக்காம், நஞ்சாம். வெறும் வாளியளையும் இனித் தொடக்கூடாதாம்."

"வாளியையோ?"

அவர் கை தட்டிலேயே நின்றது. மூலையில் மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவளைப் பிடித்திழுத்து வாய்க்குள் விரல் விட்டுத் தோண்டினேன். அவள் கடித்ததில் ரத்தம் வந்தது. "ஸ்டாப் இட், அம்மா!" என்று வீரிட்டாள். வாளி மூடியை எடுத்து அவருடைய நெஞ்சிலேயே திரும்பத் திரும்ப அடித்தேன்.

"நஞ்சையோடா வீட்டுக்குள்ள கொண்டந்தனீ? பிள்ளைக்குத் தின்னக் குடுத்தனீயோடா?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரை 'டா' போட்டதில்லை. அவர் கையைக் கூட உயர்த்தவில்லை, இருமினார். மாதக்கணக்காகவே இருமல்தான். ஆக்லாந்துக் குளிர் என்று நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவந்தேன். அன்று அந்த இருமலும் எரிச்சலைக் கிளப்ப, இன்னும் ஓங்கி அடித்தேன். வாளியைப் பின்வளவுக்கு இழுத்துப்போய்க் கோடரியால் பிளந்தேன். அரிசி புல்லெல்லாம் சிதறியது. குருவிகள் தின்னுமே என்று பிறகு முழங்காலில் நின்று பொறுக்கினேன்.

த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த தமிழ்நாட்டு டாக்டர் மூவருடைய சிறுநீரையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் என் கணவருடன் ஒரு சொல் கதைக்கவில்லை. மகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவரைக் கொன்றிருப்பேன், சும்மா சொல்லவில்லை.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்கும் இல்லை," என்றார் டாக்டர். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் ஆர்செனிக் அதிகமா இருக்கு. நிறைய தூசியைச் சுவாசிச்சிருக்கீங்க. சட்டையைக் கழட்டுங்க, நெஞ்சைப் பார்க்கணும்."

அவர் கழற்றினார். நெஞ்சு முழுவதும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்தது.

"இந்தக் காயமெல்லாமும் வேலையில பட்டதா?"

"ஓம், வேலையிலதான்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.