நான் கூட்டிப் போட்ட கோப்பி இலைகள்

எங்கள் கோப்பிச் செடிகளுக்கு நோயைக் கொண்டுபோனது நானா? இத்தனை வருஷமாகியும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யட்டவத்தை ஊருக்கு மேலே எங்களுக்கு அரை ஏக்கர் கோப்பி இருந்தது. விலை விழுந்த அந்த வருஷம் உரம், பசளை வாங்கவும் வழியில்லை, கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டவும் ஆளில்லை. அப்பா கொழும்பில் ஓர் அரிசிக் கடைக்கு மூட்டை தூக்கப் போனார். அம்மா மாத்தளையில் மிளகாய் அரைக்கும் மில்லுக்குப் போனார். தோட்டம் என் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கிளம்பும்போது அப்பா வேலியோரத்து இளஞ்செடிகளைக் காட்டினார்.

"இதுங்க காய்ச்சா நான் வீட்டோட வந்துருவேன். விழுற இலையக் கூட்டி இதுங்க அடியில போடு புள்ள. காசில்லாத பசளை."

அந்த வருஷம் இலை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். மேலே நின்ற பழைய மரங்களின் இலைகளில் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியிருந்தது. அது இலையை உதிர்க்கும் துரு நோய் என்று எனக்குத் தெரியாது; அதைத் தொட்டுப் பொட்டு வைத்துக்கொள்வேன். பிறகு இலைகளைச் சாக்கில் அள்ளிக் கீழே இழுத்துவந்து, இளஞ்செடிகளுக்கு மெத்தை போடுவேன். விழாத இலையையும் உலுக்கி விழவைத்தேன். அப்பா சீக்கிரம் வரவேண்டுமே!

தீபாவளிக்கு அப்பா வந்தபோது இளஞ்செடிகளில் இலையே இல்லை. அடுத்த தோட்டத்து மாமா, அம்மாவின் தம்பி, வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார்.

"என்ன மச்சான், கோப்பி நட்டிருக்கீங்களா, வெளக்குமாறு நட்டிருக்கீங்களா?"

"ஒங்க பக்கம் மட்டும் என்ன வாழுதாம்?"

மாமாவின் செடிகளும் மொட்டையாகத்தான் நின்றன. அங்கே நான் கூட்டவில்லை.

அப்பா குனிந்து, நான் போட்ட மெத்தையிலிருந்து ஓர் இலையைத் திருப்பித் தேய்த்தார். பெருவிரல் ஆரஞ்சானது. நான் ஓடிப்போய் நின்றேன்.

"ஒரு இலை விடாம போட்டேன்ப்பா! மேல உள்ளதையும் கொண்டாந்து போட்டேன்!"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா செஞ்ச புள்ள" என்றார் என்னிடம்.

இரண்டு நாளில் மறுபடி கொழும்பு பஸ் ஏறிவிட்டார். லீவு முடிந்துவிட்டது என்று நினைத்து, நான் பெருமையாகக் கை காட்டினேன்.

இப்போது எங்கள் வீட்டின் பின்னால் நாற்பது கோப்பிச் செடிகள் இருக்கின்றன. பசளை விலை ஏறியபின் கணவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். போன கிழமை என் ஆறு வயது மகள், "அம்மா, எல்லா இலையும் கூட்டிச் செடிக்குப் போட்டுட்டேன்" என்று ஓடிவந்தாள். விரலெல்லாம் ஆரஞ்சு. "நல்லா செஞ்ச" என்று சொன்ன பிறகுதான், அப்பா அன்று எதை விழுங்கினார் என்பது எனக்குப் புரிந்தது.

அவள் தூங்கியதும் அந்த இலைகளை அள்ளித் தூரத்தில் புதைத்தேன். அது போதுமா? அடியோடு வெட்டிவிட்டால் செடி நல்லபடி துளிர்க்குமா, பிடுங்கிவிட்டு மிளகு நடுவதா? இதை வாசிப்பவர்களில் கோப்பி வளர்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். நாளைக்கும் விளக்குமாற்றோடு வந்து நிற்பாளே, அவளிடம் என்ன சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.