தனிஸ்லாஸின் கை

போலந்தில் நான் வேலை செய்யும் பன்றி வெட்டும் தொழிற்சாலையில், காலையில் பட்டறை ஓடத் தொடங்கும் முன், எனக்குப் பக்கத்தில் நிற்கும் மாரெக் சிலுவை அடையாளம் போடுவான். அதில் விசேஷம் இல்லை. தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமத்தில் பிறந்த எனக்குச் சிலுவை போடுவது கொட்டாவி விடுவது மாதிரி. விசேஷம் என்னவென்றால், அவன் கத்தியைக் கீழே வைக்காமலே போடுவான். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் அந்த ஒல்லிக் கத்தியின் முனை அவன் நெற்றிக்குப் போகும், நெஞ்சுக்கு இறங்கும், இடது தோள், வலது தோள். இங்கே வந்த முதல் வாரம் அதைப் பார்த்து ஓரடி தள்ளி நின்றேன். எங்கள் ஊரில் அரிவாளோடு கோயில் வாசல் வரை போனாலே உபதேசியார் சத்தம் போடுவார். ஒரு நாள் சைகையில் கேட்டேன்: கத்தியை வைத்துவிட்டுக் கும்பிடக்கூடாதா? மாரெக் யோசித்துவிட்டுத் தன் கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டினான். என் கத்தி மழுங்கிவிட்டது, அவனுடையதைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். எங்களுக்குள் நடந்த முதல் நீண்ட உரையாடல் அதுதான்.

நான் எதையும் நாள் பார்த்து எழுதி வைக்கிறவன். ஆனால் என் தம்பி அருளின் கை போன நாளை மட்டும் தேதியாக எழுத மனம் வரவில்லை. தவக்காலத்தின் முதல் வெள்ளி என்றுதான் எழுதியிருக்கிறேன். கண்மாய் மடைத் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்பதுதான் தகராறு. மறித்தவன் தனிஸ்லாஸ், என் பெரியப்பா மகன், பங்காளி. அருள் மடைப் பலகையை வலது கையால் தூக்கிப் பிடித்திருந்தான். தனிஸ்லாஸ் அந்தக் கையை மணிக்கட்டுக்கு மேலே ஒரே வெட்டில் இறக்கினான். யாரோ ஒருவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தூக்குவாளியில் போட்டுக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். சேற்றுத் தண்ணீரில் ரொம்ப நேரம் கிடந்துவிட்டது, ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ எடுத்த வீடியோ அன்று மாலைக்குள் எனக்கு வந்து சேர்ந்தது. மடை வாயில் சிவப்பாகச் சுழலும் தண்ணீர், "கையத் தேடுங்கடா, கையத் தேடுங்கடா" என்று அலறும் குரல். அலறுவது அருளேதான் என்று மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் உடை மாற்றும் அறையில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். ஒரு நாள் தவறியதில்லை. ஜெபப் பழக்கத்தை வளர்ப்பது பற்றி நிறைய புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஒரே நேரம், ஒரே இடம், மனம் வந்தாலும் வராவிட்டாலும் விடாமல் செய் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த ஒழுங்கு எனக்கு வந்துவிட்டிருந்தது. கடவுளுக்குப் பதில் அந்த இடத்தில் தனிஸ்லாஸ் இருந்தான், அவ்வளவுதான். அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே முதல் பன்றியின் முன்னங்கால் மூட்டில் கத்தியை விடுவேன். மூட்டு எங்கே திறக்கும் என்று தெரிந்துவிட்டால் பலமே வேண்டாம், சுண்டினால் கழன்று விழும். மனிதனின் மணிக்கட்டும் ஏறக்குறைய அப்படித்தான் என்று நானே என் கையைத் தடவித் தடவித் தெரிந்துகொண்டேன். இடது கையில் கம்பி வலைக் கையுறை, வலது கையில் கத்தி, வாயில் பங்காளியின் பெயர். அடுத்த வருஷப் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, ஊருக்குப் போவது என்றும், எதற்குப் போகிறேன் என்றும் அங்கே நின்றபடிதான் முடிவு செய்தேன்.

வீடியோவை மாரெக் ஒரு நாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டான். வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவன் அம்மா ஹலினா என் அறைக்கே வந்துவிட்டார். தலையில் முக்காடு, கையில் ஒரு சின்ன அட்டை. இந்த ஊர்ப் பங்குகளில் 'ஜிவி ருஜானியெத்ஸ்' என்று ஒன்று உண்டு. உயிருள்ள ஜெபமாலை என்று சொல்லலாம். இருபது பேர் சேர்ந்தால் ஒரு ஜெபமாலை. ஒருவருக்கு ஒரு மறைபொருள், சேசுவின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சி; அதை நினைத்துத் தினமும் மாலையின் பத்து மணிகளை மட்டும் சொன்னால் போதும். ஒருத்தர் விட்டால் மாலை அறுந்த மாதிரி. அவர்கள் குழுவில் ஒரு கிழவி இறந்துபோய் ஓர் இடம் காலி, அதற்கு நான். ஹலினா தன் வலது மணிக்கட்டை இடது கையால் வெட்டுவது போலக் காட்டி, "ரேங்கா?" என்றார். கை. ஆமாம் என்றேன். பிறகு பெயர் கேட்டார். அருள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் என் நாக்கில் குடியிருந்த பெயர் வேறு. "தனிஸ்லாஸ்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்தானிஸ்வாவ்!" அது அவர்கள் நாட்டுப் பாதுகாவலரின் பெயர். அரசன் கையால் வெட்டுப்பட்ட ஆயர். துண்டு துண்டாகக் கிடந்த உடல் தானாக ஒன்று சேர்ந்தது என்று கதை. எங்கள் ஊரில் பெயர் வைக்கிற தனிஸ்லாஸ் வேறு புனிதர், இளம் வயதில் காய்ச்சலில் போனவர், திருநாளும் வேறு மாதத்தில் என்பதை விளக்க எனக்கு மொழி இல்லை. கை போனவனின் பெயர் அதுவல்ல என்பதை விளக்கவும் மொழி இல்லை. இருந்திருந்தாலும் விளக்கியிருப்பேனா? அந்த மாதத்திலிருந்து அந்தச் சிறு நகரத்தின் கிழவிகள் தினமும் தனிஸ்லாஸின் கைக்காக வேண்டிக்கொண்டார்கள். பின்னால் யோசித்தபோது, ஹலினா ஒன்றும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பட்டது. தனிஸ்லாஸின் கைக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்தது.

எனக்குக் கிடைத்த அட்டையில் சேசு கற்றூணில் கட்டப்பட்டு அடிபடும் படம். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஹலினா விரலை ஆட்டிக் கேட்பார், சொன்னாயா என்று. பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் சொல்லத் தொடங்கினேன், வேலை நேரத்திலேயே. ஒரு மூட்டுக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே'. பத்து முடிந்ததும், ஹலினா சொல்லிக்கொடுத்தபடி, "தனிஸ்லாஸுக்காக". பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன ஜெபம் அது. ஒவ்வொரு மணியும் ஒரு வெட்டு. பத்துக்கு முன்னால் சொல்லும் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ஜெபத்தில் 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல' என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். மனம் வரவில்லை. வாய் மட்டும் வந்தது. ஆனாலும் தினமும் வந்தது. குளிர் ஏறி, பனி கொட்டி, கறி விறைக்கிற மாதங்களிலும் வந்தது. எந்த நாளில் வீடியோ பார்ப்பதை விட்டேன் என்று, எல்லாவற்றையும் குறித்து வைக்கும் நான், குறிக்கவில்லை.

புனித வாரத்தில் ஊருக்குப் போனேன். பெட்டியில் சாக்லேட்டுகளுக்கு அடியில், துணியில் சுற்றி, என் கத்தி. காரைக்குடியில் இறங்கி தேவகோட்டை பஸ் ஏறியதும் கண்டக்டர், "போலந்துல இருந்து வாரீகளா? தம்பிக்கு இப்ப பரவால்லயா?" என்றார். ஊருக்கே தெரிந்த கை. வீட்டில் அருள் சிரித்துக்கொண்டே வந்து இடது கையால் பெட்டியை வாங்கினான். மாலையில் ஜெபமாலைக்கு உட்கார்ந்தபோது இடது கையால் சிலுவை போட்டான். "உபதேசியார் திட்டுறாருண்ணே, தப்புக் கையாம். 'நல்ல கை மதுரை ஆஸ்பத்திரில இருக்கு, போயி வாங்கியாங்க, அதுல போடுறேன்'னேன்." அம்மா சிரிக்கவில்லை. அம்மா கொல்லங்குடிப் பக்கம் காளியைக் கும்பிடும் குடும்பத்தில் பிறந்து, அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள். அப்பா இறந்த பிறகும் ஒரு நாள்கூட ஜெபமாலையை விட்டதில்லை. எல்லாருக்காகவும் வேண்டினாள்: போப்பாண்டவர், மழை, எனக்கு விசா. ஒரு பெயரை மட்டும் விட்டாள். ஜெபம் முடிந்து சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "காளி கோவில்ல காசு வெட்டிப் போட்டுட்டேன் அவனுக்கு."

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: அநியாயம் செய்தவன் கேட்க ஆளில்லாமல் திரிந்தால், பாதிக்கப்பட்டவர்கள் குளித்து ஈரச் சேலையோடு போய், கல்லில் வைத்து உளியால் காசை இரண்டாக வெட்டிக் காளி முன் போடுவார்கள். அப்புறம் அவன் பாடு, அவள் பாடு. "ஏம்மா, பூசைக்கும் போயிக்கிட்டு..." என்றேன். "சேசு பொறுக்கச் சொல்றாருய்யா. அவுக நல்லவுக, பொறுப்பாக. எனக்குப் பொறுக்க மாட்டாத ஒரு ஆத்தாளும் வேண்டியிருக்கு." பெட்டியில் கத்தியோடு வந்தவன் நான். சோற்றைப் பிசைந்தேன்.

பாஸ்கா ஞாயிறு காலையில் எங்கள் ஊரில் கூறு போடுவார்கள். தவக்காலம் முழுக்கக் கறி தொடாத ஊர் சேர்ந்து ஆடு வாங்கி வெட்டி, பனை ஓலையில் வீட்டுக்கு ஒரு கூறாகக் குவிக்கும். பகையாளி வீடானாலும் அன்று கூறு உண்டு. தனிஸ்லாஸ் ஜாமீனில் வந்து வெளியூரில் இருந்தவன். கூறுக்காக வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். இளைத்துப் போயிருந்தான். ஆடு வெட்டும் சூசை மாமா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்: "மாப்ள, பன்னி வெட்டுற ஊருல பெரிய கசாப்புக்காரராமே! ஆட்டைக் கண்டா பயமா இருக்கோ? இங்குட்டு வாங்க, ஒரு தொடை போட்டுக் காட்டுங்க." கூட்டம் சிரித்தது. "எங்கண்ணன் வெட்டுனா எலும்புக்கே வலிக்காது மாமா," என்ற அருள், என்னிடம் திரும்பி, தணிந்த குரலில், "ஒங்க கத்தியக் கொண்டாரவாண்ணே? பெட்டியில பாத்தேன்," என்றான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொண்டுவந்து கொடுத்தான். அவன் இடது கையிலிருந்து என் வலது கைக்கு.

புளியங்கட்டையில் தொடையை வைத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். யாரும் நகரவில்லை. தனிஸ்லாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஆட்டின் காலைப் பிடித்தான். வலது கையால். அவன் மணிக்கட்டு என் கத்தியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சூசை மாமா, "ஏய், எந்திரிடா," என்றார். அவன் எழவில்லை. "வெட்டுங்கண்ணே," என்றான். "எதை வெட்டுறதுன்னு நீங்கதேன் பாக்கணும். நான் கைய எடுக்க மாட்டேன்." அம்மா ஓலைக் கூறுகளுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை அசைக்கவில்லை. எனக்கு மூட்டு தெரிந்தது. ஆட்டின் மூட்டும் தெரிந்தது, அவன் தோலுக்கு அடியில் இரண்டு எலும்பு சேரும் இடமும் தெரிந்தது. கத்தியை ஓங்கினேன். ஓங்கியதும், குளிரில் பனியில் பழகிப்போன வாய், என்னைக் கேட்காமல், தன் வேலையைத் தொடங்கிவிட்டது. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கியதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் எப்போதும் வரும் அந்தச் சொல்லும் வந்தது, உரக்க: "தனிஸ்லாஸுக்காக."

கத்தி இறங்கியது. ஆட்டுக்கால் கழன்று ஓலையில் விழுந்தது. கத்தி முனை அவன் உள்ளங்கையின் ஓரத்தைப் பிளந்துகொண்டு கட்டையில் குத்தி நின்றது. ஆட்டு ரத்தமும் அவன் ரத்தமும் ஒன்றாக ஓடின. தவறிப் பட்டதா, பட வேண்டும் என்று பட்டதா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். தனிஸ்லாஸ் தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, "என்ன சொன்னீக?" என்று மட்டும் கேட்டான். நான் கத்தியைக் கட்டையிலிருந்து பிடுங்கினேன். அவன் மற்றத் தொடையை எடுத்து வைத்து, ரத்தம் கசியும் கையாலேயே மறுபடி பிடித்தான். ஆடு முடியும் வரை நான் வெட்டினேன், அவன் பிடித்தான்.

கூறை வாளியில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது அருள், "வெட்டிருவீகன்னு நெனச்சேன்," என்றான்.

"வெட்டியிருந்தா ஒனக்கு நல்லா இருந்திருக்குமாடா?"

"நேத்து வரைக்கும் இருந்திருக்கும். கத்தியக் குடுக்கும்போது கூட இருந்திருக்கும். அவன் வந்து உக்காந்தான் பாருங்க, அப்பறந்தேன் தெரியல."

அம்மாவுக்குத் தெரிந்தது. வெட்டிப் போட்ட காசைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு தரப்பும் ஒன்றாக வந்து காளி முன் நின்று முழுக்காசு போட வேண்டும் என்பது அந்தக் கோவில் முறை. நான் புறப்படும் நாளில் கேட்டேன். "அவன் இந்த வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாலும் நான் அவனோட ஒரே பஸ்சுல ஏற மாட்டேன்," என்றாள். "நீ ஒன் தம்பி கையப் பாத்துட்டு பொறுத்துக்கிட்டா பொறுத்துக்க. நான் அதைப் பெத்தவ." கறியைத் துடைத்துக் கழுவிய என் கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மாங்காய் ஊறுகாயும் கொடுத்தாள்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு கோயில் வாசலில் ஹலினா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஸ்தானிஸ்வாவ்? ரேங்கா?" சுற்றிலும் அந்த முக்காட்டுக் கிழவிகள். குளிர்காலம் முழுக்கக் கேட்டு வேண்டியவர்கள். எனக்குத் தெரிந்த போலிஷில் சொன்னேன்: "ஓபியே." இரண்டு கையும் இருக்கிறது. ஒருத்தி அழுதாள். இரண்டு பேர் அங்கேயே தரையில் முழங்காலிட்டார்கள். நான் அவர்களிடம் பொய் சொல்லவில்லை. ஹலினா அந்த மாதத்து அட்டையை நீட்டி, இனி யாருக்காக என்று கேட்டார். அதே பெயரைச் சொன்னேன். அதுதான் சரியாகிவிட்டதே என்று கையை விரித்தார். காளியைப் பற்றியும், கல்லில் இரண்டாகக் கிடக்கும் காசைப் பற்றியும் சொல்கிற அளவுக்கு எனக்கு இன்னும் இந்த மொழி வரவில்லை.

என் வேலை முடியப்போகும் மதிய நேரம் ஊரில் விளக்கு வைக்கும் நேரம். அம்மா ஜெபமாலையை எடுப்பாள், அருள் இடது கையால் சிலுவை போடுவான். நானும் கடைசிப் பன்றிகளுக்கு அந்த நேரத்தில்தான் என் பத்து மணியைச் சொல்கிறேன். ஒரே மரியே, ஒரே வார்த்தைகள். அங்கே அம்மா அவன் பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறாள். இங்கே நான் கத்தியைக் கீழே வைக்காமல், அவன் பெயரைச் சேர்த்துச் சொல்கிறேன்.