பந்தல் கம்பி பிடித்த விமானம்

விமானந்தாங்கிக் கப்பல் என்று ஒரு ராட்டினம் நானே செய்தேன். சரிவில் இறங்கும் தகர விமானத்தை மேடையில் குறுக்குக் கம்பி பிடித்து நிறுத்தும். கம்பம் ஊர்த் திருவிழாவில் முதல் ஓட்டம். மகளை ஏற்றிவிட்ட ஒரு பெண், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர், கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

“இது பந்தல் கம்பியில்லண்ணே? கொடியத்தான் தாங்கும்.”

“சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. பயந்தா வீட்டுக்குப் போத்தா.”

“மணல் மூட்டைய வச்சு ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் போறேன்.”

கூட்டம் சிரித்தது. எரிச்சலோடு சிறுமியை இறக்கி, மூட்டைகளை ஏற்றிச் சரிவில் விட்டேன். கம்பி அறுந்தது. விமானம் மேடையைத் தாண்டி விழுந்து நசுங்கியது.

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்கும் அக்கறை எனக்குத் துளியும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் மூக்கை உடைக்கத்தான் மூட்டையை ஏற்றினேன்.