மரண அறிவித்தலைத் திறந்தவர்கள்

அந்த மின்னஞ்சலின் மேற்பகுதியில் ஒரு குத்துவிளக்குப் படம் இருந்தது. அதன் கீழே நாம் எல்லோரும் எத்தனையோ தடவை வாசித்த அதே வசனம்: "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட..." பெயர் வரவேண்டிய இடத்தில் அது நின்றுவிடும். மிச்சத்தை வாசிக்கவும், உடலைப் பார்வைக்கு வைக்கும் மண்டபத்தையும் நேரத்தையும் அறியவும் இங்கே அழுத்துங்கள் என்று ஒரு கட்டம். அழுத்தினால் அலுவலகக் கடவுச்சொல்லைக் கேட்கும். எழுதியவன் எங்கள் ஆட்களை நன்றாகப் படித்து வைத்திருந்தான். வரித் திணைக்களத்துக் கடிதத்தையே கிழமைக் கணக்கில் உடைக்காமல் வைத்திருப்பவர்கள் நாங்கள். மரண அறிவித்தலை அப்படி விடமுடியாது. யார், எந்த ஊர், யாருடைய சொந்தம் என்று உடனே தெரிந்தாக வேண்டும். பார்வைக்குப் போகாமல் விட்டுவிட்டு, பிறகு அந்த வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போது நான் கனடாவின் ஸ்காபரோவில், முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்புப் பணியாளர்களை அனுப்பும் ஒரு தமிழ் நிறுவனத்தின் கணினிப் பகுதியில் வேலை செய்தேன். களவெடுக்கும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை. ஆனால் வோபர்ன், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதிகளில் யார் யார் தனியே இருக்கிறார்கள், எந்த நேரங்களில் அவர்களிடம் ஒருவரும் வருவதில்லை, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவுக்கு வெளியே தொங்கவிட்ட திறப்புப் பெட்டியின் இரகசிய இலக்கம் என்ன என்பதெல்லாம் எங்கள் கணினியில் இருந்தன. அவை பிழையான கைக்குப் போனால் களவெடுக்க வருபவனுக்கு வீட்டையே திறந்து விட்ட மாதிரி. அவற்றைக் காப்பது எங்கள் பகுதி முகாமையாளரின் பொறுப்பு. அவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம்.

மில்லிக்கனில் இருந்து பழைய கார் ஒன்றில் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டதாகச் சொன்னால், கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் இருந்து, முதலில் சொன்னதற்கு நன்றி சொல்லுவார், பிறகுதான் கணினியைத் தொடுவார். யார் அழுத்தியது என்று மற்றவர்களுக்குத் தெரியவிடமாட்டார். அது அழுத்தியவர் தானாகச் சொன்னால் மட்டுமே வெளியே வரவேண்டிய விஷயம் என்பது அவருடைய பிடிவாதம். எனக்கு அது சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும். பெயரைச் சொன்னால்தானே மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று வாதாடுவேன். பயந்தவன் ஒளிப்பான் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

ஊழியர்களைப் பழக்குவதற்காக நாங்களே இடைக்கிடை பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். ஒருமுறை நான்தான், மரண அறிவித்தல் ஒன்று அனுப்பினால் ஒருவரும் தப்பமாட்டார்கள் என்று யோசனை சொன்னேன். பெரிய கெட்டித்தனம் என்று எனக்குள் நினைப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அது வேண்டாம் தங்கச்சி. செத்தவீட்டை வைச்சு எங்கட ஆக்களைப் பேய்க்காட்டினா, பிறகு நாங்கள் சொல்லுற ஒண்டையும் நம்பமாட்டினம்." நாங்கள் செய்யாமல் விட்டதை வேறொருவன் செய்தான். அன்று நான் சொன்னபடி செய்திருந்தால் எங்கள் ஆட்கள் விழிப்பாக இருந்திருப்பார்களா, அல்லது எங்களை வெறுத்திருப்பார்களா? இன்றும் எனக்குத் தெரியாது.

அந்த மின்னஞ்சல் வந்தது குளிர்காலத்தில் ஒரு நாள். பணியாளர்களுக்கு நேர அட்டவணை போடும் அக்கா மத்தியானத்துக்கு முன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். தன் ஊரான கரவெட்டியின் பெயரைக் கண்டதும் திறந்ததாகவும், கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டதாகவும் அழாக்குறையாகச் சொன்னார். நான் பார்த்தபோது அவருடைய பெயரில் யாரோ உள்ளே வந்திருந்தார்கள். அட்டவணையைத் திறந்து, முதியவர்களின் விபரங்களைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். திறப்புப் பெட்டி இலக்கங்கள் இருந்த பக்கத்துக்குப் போகமுன் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டேன். அலுவலகக் கணினிகளில் வேறு யார் யார் அழுத்தினார்கள் என்பதைத் தானே பார்ப்பதாக அண்ணை சொன்னார். வீதியில் நிற்கும் பணியாளர்கள் தங்கள் சொந்தக் கைத்தொலைபேசிகளில் திறந்திருந்தால் அதை அறிய வழியில்லை. அவர்களாகச் சொன்னால்தான் உண்டு.

மறுநாள், ஆள் உள்ளே வந்தது பற்றிய அறிக்கையைக் கண்டு, நிறுவனத்தை நடத்தும் பணிப்பாளர் அக்கா, அண்ணை, நான் என்று எங்கள் மூவரையும் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நிர்வாக சபைக்குப் பயந்தவர். அக்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். கணவர் முதுகு உடைந்து வீட்டோடு இருந்த காலம், அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இத்தனை பயிற்சி கொடுத்தும் இப்படிச் செய்தவரை வைத்திருக்க முடியாது என்றும், ஒருவரை நிறுத்தினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்றும் பணிப்பாளர் சொன்னார். அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாய் திறக்க முன் அண்ணை பேசினார்.

"சேர், அதை இவவுக்கு முதல் நான் திறந்தனான்."

அண்ணையின் தமையனார் அப்போது கடும் வருத்தமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். தங்கள் ஊரின் பெயரைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டதாம். கடவுச்சொல்லைக் கொடுத்த அடுத்த கணமே பொய் என்று விளங்கிவிட்டது. தன்னுடையதை மாற்றிவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம் என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் முன்பு கேட்டதில்லை.

"அந்த நேரமே எல்லாருக்கும் சொல்லியிருந்தா இவ திறந்திருக்கமாட்டா. நான் படிப்பிச்சதை இவ செய்தவ. நான் செய்யேல்லை. ஆரையும் நிப்பாட்டவேணுமெண்டா என்னை நிப்பாட்டுங்கோ."

பணிப்பாளர் மேசையில் இருந்த அறிக்கையை மூடினார். பிறகு அக்காவைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அண்ணை அந்தக் கிழமையே வேலையை விட்டு விலகுவதென்று முடிவாகியது. போகமுன் ஊழியர்கள் எல்லோருக்கும் தானே இதைச் சொல்ல அனுமதி கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் நின்று, எங்களுக்குச் சொன்னதையே சொன்னார். அக்காவின் பெயரை எடுக்கவில்லை. அன்று பின்னேரம் தொடங்கி எங்கள் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெளியில் வேலை செய்பவர்கள் குளிர் உடுப்போடு வந்து கதவடியில் நின்று, "நானும் திறந்தனான்" என்று கைத்தொலைபேசியை நீட்டினார்கள். அத்தனை கடவுச்சொற்களும் அந்தக் களவாளிகளின் கையில் இருந்தன, எங்களுக்கு ஒன்றுமே தெரியாமல்.

இன்று அண்ணையின் வேலையை நான் செய்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் பெயரில்லாமல் சொல்லுவேன். அவரை அனுப்பியது நியாயமா என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். பொறுப்பில் இருந்தவர் ஒளித்தது பிழைதான் என்பேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லுவதில்லை.

அண்ணை போய்ச் சில நாட்களுக்குப் பிறகு, பணிப்பாளர் எங்கள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தன்னுடைய கணக்கையும் ஒருக்கால் பார்க்கச் சொன்னார். அந்த மின்னஞ்சல் வந்த நாளின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அவரும் அதே நாள் காலையில் அழுத்தியிருந்தார். ஆனால் அந்தக் கணக்கை அன்றே ஒருவர் மூடி, கடவுச்சொல்லை மாற்ற வைத்திருந்தார்.

"உங்கட பாஸ்வேட்டை அண்ணை அண்டைக்கே மாத்த வைச்சிட்டார், சேர். இனிப் பயமில்லை."

"வழமையா மாத்திறது எண்டுதான் என்னட்டைச் சொன்னவர்" என்றார் பணிப்பாளர். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப கூட்டத்தில இருக்கேக்க, நானும் திறந்தனான் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"ஓம் சேர். தெரியும்."