எழுபத்து மூன்றில் புல்லாங்குழல்

லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச்சில் நான் வாசிக்கும் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. மிடி கீபோர்டு என்பார்கள். தனியாக வைத்து வாசித்தால் கட்டைகள் டொக் டொக்கென்று கேட்கும், அவ்வளவுதான். ஒயர் போட்டு லேப்டாப்பில் சேர்த்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். ஆர்கன், பியானோ, வயலின் எல்லாம் லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளுக்குள் எண் வாரியாக உட்கார்ந்திருக்கின்றன. கீபோர்டில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தட்டினால் சத்தம் மாறும்.

"பலிபீடத்துக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் மின்னிக்கிட்டே இருக்குது, நல்லாவா இருக்கு?" என்று கமிட்டியில் ஒருவர் கிளப்பிவிட்டதால், லேப்டாப்பின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுவோம். ஆகவே வாசிக்கும்போது எனக்குத் தெரிவது கீபோர்டின் குட்டித் திரையில் இருக்கும் எண் மட்டும்தான். அந்த எண்ணில் புல்லாங்குழல் இருக்கிறதா, பூதம் இருக்கிறதா என்பது கட்டையை அழுத்தினால்தான் தெரியும்.

காலையில் தமிழ் ஆராதனை. அது முடிந்ததும் அதே இடத்தில் கன்னட ஆராதனை. லேப்டாப் இரண்டு பேருக்கும் பொது. கன்னட ஆராதனைக்கு வாசிப்பவர் ஒரு கணக்கு டீச்சர். எந்தச் சத்தத்துக்கு எந்த எண் என்று வரிசைப்படுத்துவதெல்லாம் அவர் கைவேலை. அவர் என்னிடம் கன்னடத்திலேயே பேசுவார், நானும் கன்னடத்திலேயே பதில் சொல்வேன். ஆம்பூரிலிருந்து வந்து இந்த ஊரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஆட்டோக்காரரிடம் சண்டை போடும் அளவுக்குக் கன்னடம் வரும். என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "உங்க கன்னடம் அம்பது வரைக்கும்தான். அதுக்கு மேல எண்ணச் சொன்னா முழிப்பீங்க" என்பாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவள் அப்படிக் கேலி பேசியே எட்டு மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தபின் அவள் குரல் உள்ளே போய்விட்டது. முதலில் வெறும் காற்று வந்தது, பிறகு கிசுகிசுப்பு. பாடகர் குழுவில் பதினைந்து வருஷம் முன்வரிசையில் நின்றவள், வீட்டில் என்னைக் கூப்பிடக் கை தட்டினாள். திட்டுவதைக்கூட வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினாள். அடுத்த அறையிலிருந்து "ஈரத் துண்டு கட்டில் மேல" என்று செய்தி வரும். அதில் கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியாது. துண்டை எடுத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

டாக்டர் கடைசியாகப் பார்த்தபோது, "தொண்டை சரியாயிடுச்சும்மா. இனிமே பயம் மட்டும்தான் பாக்கி" என்றார். அந்தப் பயத்தை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போய் வந்தாள். ஆனாலும் குரலை உயர்த்த மாட்டேன் என்றாள், உயர்த்தினால் மறுபடி போய்விடுமாம்.

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஒரு பாட்டைத் தனியாகப் பாடுகிறேன் என்று அவளே ஆயரிடம் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"பின்னாடி புல்லாங்குழல் மட்டும் போதும். மெல்லமா வாசிங்க. என் குரலுக்கு மேல எதாவது ஏறுச்சுன்னா நான் நிறுத்திடுவேன். நிறுத்திட்டேன்னா அப்புறம் பாடவே மாட்டேன், பார்த்துக்கோங்க."

சொன்னால் செய்துவிடுவாள். ஒரு வாரம் புல்லாங்குழலோடு வீட்டிலேயே பழகினோம். எனக்கே கேட்காத அளவுக்கு வாசித்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் டீச்சர் மென்பொருளில் புதுச் சத்தங்களைச் சேர்த்தார். ஆர்கன், பியானோ தவிர மற்றதெல்லாம் வரிசை கலைந்துவிட்டது. ஞாயிறு காலை, கரும்புக் கட்டும் பூசணிக்காயுமாக நாங்கள் சர்ச் வாசலில் வந்து இறங்கியபோது டீச்சரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"சார், நிம்ம கொளலு ஈக எப்பத்மூரு."

உங்கள் புல்லாங்குழலின் எண் மாறிவிட்டது என்கிறார். எப்பத்மூரு. எம்பத்திமூணு. பூசணிக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே உள்ளங்கையில் பேனாவால் 83 என்று எழுதிக்கொண்டேன். உள்ளே போவதற்குள் மணி அடித்துவிட்டது. அடித்திருக்காவிட்டாலும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. இத்தனைக்கும் என் பிழைப்பே மென்பொருளைச் சோதிப்பது. வாரம் ஐந்து நாள் அடுகோடியில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, 'டெஸ்ட் பண்ணாம ஏன் அனுப்பினீங்க' என்று சின்னப் பிள்ளைகளை வறுத்தெடுப்பவன் நான்.

காணிக்கைக்குப் பிறகு அவள் முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றாள். மைக்கை வாய்க்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் விஷயம் தெரியும், அதனால் ஒருவர்கூட இருமவில்லை. அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் 83 தட்டி முதல் ஸ்வரத்தை வைத்தேன்.

எலெக்ட்ரிக் கிட்டார். இளைஞர் கூட்டத்துக்காக வைத்திருந்த, அடித்தொண்டையில் கர்ஜிக்கும் கிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. நான் பதறிப்போய் அழுத்திய விரலை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன்.

"என்னங்க பண்றீங்க!"

மைக்கில்தான் கேட்டாள். கிட்டாருக்கு மேலே ஏறி, கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பியது அந்தக் குரல். பழைய குரல். ஈரத் துண்டுக்கும், மூடாத குழாய்க்கும், அணைக்காத விளக்குக்கும் பதினைந்து வருஷம் நான் கேட்டு வாங்கிய அதே குரல்.

நான் கையை எடுத்துவிட்டேன். அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். என்னை முறைத்தாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, எனக்காகக் காத்திருக்காமல் பாட ஆரம்பித்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று சரணம் பாடினாள். மூன்றாவதில் ஓர் இடத்தில் குரல் லேசாகப் பிசிறியது, அதையும் தாண்டிப் போய்விட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசிக்கத் தெரியாமல் அழுகிறான் என்று நினைத்தவர்கள் நினைக்கட்டும்.

காணிக்கையாக வந்த காய்கறி, கரும்பு ஏலமெல்லாம் முடிந்து வெளியே வரும்போது டீச்சர் ஓடி வந்தார். "ஏனாய்த்து சார்?" என்று, என்ன ஆச்சென்று கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான். ஸ்கூட்டரில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தாள்.

"எப்பத்துன்னா எழுபதுங்க. எம்பத்துன்னாதான் எம்பது. எத்தனை வருஷமா சொல்றேன்? ஒரு தடவை அழுத்திப் பார்க்கக் கூடாதா? ஆபீஸ்ல எதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க? பூசணிக்காயை வெச்சுட்டு எழுதினா என்ன, யாராவது தூக்கிட்டா போயிடப் போறாங்க?"

பானஸ்வாடி சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எதுக்குச் சிரிக்கறீங்க?" என்று முதுகில் ஓர் அடி விழுந்தது.

நேராகப் போனால் வீட்டுக்கு ஐந்து நிமிஷம். நான் வண்டியை ரிங் ரோடு பக்கம் திருப்பினேன்.

"எங்க போறீங்க? வீடு அந்தப் பக்கம்" என்று காதருகில் கத்தினாள்.

"தெரியும்" என்றேன். "நீ சொல்லிட்டே வா."