இடப்பக்கப் பிரேக்

கார் பழக்குகிற தொழிலில் ஸ்டியரிங், கியர், அக்சிலரேட்டர் எல்லாம் பழகுகிறவர் கையிலும் காலிலும்தான்; நமக்கென்று இருப்பது இடப்பக்க ஆசனத்தின் அடியில் பொருத்திய இன்னொரு பிரேக் மட்டும். அந்த ஒன்றை நம்பித்தான் முப்பத்தொரு வருடமாகத் திருகோணமலை வீதிகளில் காலம் தள்ளினேன். எனக்கு இப்போது அறுபத்தேழு வயது. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போன்ற ஒருவரிடம் திட்டு வாங்கித்தான் கார் பழகியிருப்பீர்கள். மற்றப் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியும் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுக்க மனம் வராமல் தலையணைக்குக் கீழே வைத்திருப்பீர்கள். இரண்டு கூட்டமும் என் சொந்தக்காரர்தான். ஆகவே வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எழுபத்தைந்தில் ஒரு பாடம்

வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை பழக வந்தாள். நிலாவெளி வீதியில் இருபதுக்கு மேலே முள் ஏறவே இல்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்தே எங்களைச் செவிடாக்கினான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இறங்கி இஞ்சால வாங்கோ, எப்பிடி ஓடுறதெண்டு காட்டுறன்" என்று சொல்லி ஆசனம் மாறினேன். காட்டினேன். வளைவுக்கு வளைவு, 'பார்த்தீங்களா, கை எப்படிப் போகுது' என்று விளக்கம் வேறு.

அது ஐம்பதுக்கு மேல் போகக்கூடாத இடம். எதிரே வந்த இரண்டு வான்காரர்கள், முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று லைட் அடித்துக் காட்டினார்கள். நானோ, பழைய மாணவர்கள் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டிக்கொண்டு போனேன். வேகம் பிடிக்கிற கருவியில் எழுபத்தைந்து விழுந்திருந்தது. கான்ஸ்டபிள் சிங்களப் பிள்ளை; நன்றாகத் தமிழ் பழகியிருந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்னும் பின்னும் கட்டியிருந்த சிவப்பு எழுத்துப் பலகையைப் பார்த்தான், என் நரைத்த தலையைப் பார்த்தான். பிறகு மரியாதையாகவே கேட்டான்: "மாஸ்டர், இந்த எல் போட் தங்கச்சிக்கா, உங்களுக்கா?"

பலகை வாசிப்பு

பழகுகிறவர்களைத் தூரத்துப் பலகைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது என் வழக்கம். வேகம் எவ்வளவு, முன்னால் பாடசாலையா, வளைவா, எல்லாம் சொல்லவேண்டும். "ஓடுகிறவனுக்குக் கண் வீதியில் இருக்க வேணும்" என்பேன். கேட்கிறவர்கள் என்னைப் பெரிய குரு என்று நினைப்பார்கள். உண்மை என்னவென்றால், மூன்று வருடமாக என் இரண்டு கண்ணிலும் வெண்படலம் வளர்ந்துகொண்டிருந்தது. பலகையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவர்கள் வாசித்தால்தான் நான் அறிவேன்.

கிண்ணியாவிலிருந்து மீன் வியாபாரி நிசார் வந்தார். மனிதர் சாதுவாகச் சிரித்துக்கொண்டிருப்பார். கண் மட்டும் தராசு முள்ளைப் பார்க்கிற கண். பாலத்தைத் தாண்டியதும் வழக்கம்போல, "அந்தப் பலகையில என்ன?" என்றேன். "எண்பது" என்றார். "சரியாச் சொன்னீங்கள், இப்பிடித்தான் கவனமாப் பாக்க வேணும்" என்று தோளில் தட்டினேன். அவர் காரை மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினார். சிரிப்பைக் காணவில்லை. "மாஸ்டர், அதில அம்பது எண்டுதான் எழுதியிருக்கு, நான் சும்மா எண்பது எண்டு சொல்லிப் பாத்தன்."

இரண்டு றப்பர்

நிசார் அதை ஊரெல்லாம் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் பாவித்த விதம்தான் கேவலம். கண் வைத்தியரிடம் போகாமல், காலை நம்பத் தொடங்கினேன். தூரத்தில் அசைவது மாடா, ஓட்டோவா, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மானா என்று தெரியாது. தெரியாததற்கெல்லாம் பிரேக்கை ஒருமுறை மிதித்துவைப்பேன். பழகுகிறவர் மிதிக்க முதலே என் கால் மிதித்துவிடும். கார் அழகாக நின்றுவிடும். "பாருங்கோ, எவ்வளவு நல்லா நிப்பாட்டினீங்கள்" என்று அவர்களைப் பாராட்டவும் செய்வேன். அதனால் எனக்கு நல்ல பெயர். மாஸ்டரிடம் போனால் பயமில்லை, ஒரு கிழமையில் கார் சொன்னபடி கேட்கும் என்று சனம் தேடி வந்தது.

கார் பழக்குகிற எங்கள் பள்ளியை, எங்கள் லேனர்ஸை, என்னோடு சேர்ந்து நடத்துகிறவர் ரமீஸ். ஒருகாலத்தில் என்னிடம் பழகியவர்தான். இப்போது நாற்பது வயது, வாகனங்களையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். ஒருநாள் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னார். வலப்பக்கப் பிரேக் மிதியின் றப்பர் கடையில் வாங்கிய மாதிரி வரி வரியாக இருந்தது. என் பக்கத்து றப்பர் தேய்ந்து, நடுவில் இரும்பு பளபளத்தது. "காலில போடுற சப்பாத்து சரியில்லை" என்றேன். ரமீஸ் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மாஸ்டர், ஓடுறது அவங்க, நிப்பாட்டுறது எப்பவும் நீங்களா?"

மூன்றாம் கிழமை

தங்கேஸ்வரி அம்மா ஓய்வுபெற்ற நேர்ஸ். அறுபத்தொரு வயதில் கார் பழக வந்தவர். அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். ஓட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்தால் மனிதர் அரை உயிராகிவிடுவார். அதற்காகவே சேமிப்பை உடைத்து ஒரு சின்னக் கார் வாங்கியிருந்தார். இருபது நாள் பழக்கினேன். அவருக்கு மெல்ல ஓரங்கட்டி நிறுத்தத் தெரியும். ஆனால் திடீரென்று குத்தி மிதிக்கவேண்டி வந்த ஒவ்வொரு தடவையும் மிதித்தது நான். லைசன்சுக்கு ஓடிக் காட்டுகிற ட்ரையல் அன்று வீதியில் ஈ காக்கை இல்லை. முதல் தடவையிலேயே பாஸ்.

லைசன்ஸ் வந்து மூன்றாம் கிழமை, கணவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, சந்தைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்து விழுந்தது. வேகம் முப்பதுதான். அப்படியிருந்தும் கார் நிற்காமல் போய் மோதியது. சைக்கிளில் வந்த, சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த தவராசா என்கிற கடற்றொழிலாளிக்குக் காறையெலும்பு முறிந்தது. அம்மா முதலில் அழைத்தது என்னை. ஓடிப்போனேன். அவர் வீதியோரம் நின்றார். குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் கண்டனான் மாஸ்டர், நல்லாக் கண்டனான், கார் நிக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டன், எப்பவும் அப்பிடித்தானே நிக்கிறது."

நான் திறக்காத வாய்

அந்த வார்த்தையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் விளங்கவில்லை. பொலிசில் வாக்குமூலம் எழுதியபோது நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். யாரிடம் பழகியது என்று சார்ஜன்ட் கேட்டார். அம்மா என்னைக் காட்டினார். சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். அப்போது நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். 'ஐயா, பிரேக் மிதிக்கிறது எப்படியென்று இந்த அம்மாவுக்கு நான் பழக்கவே இல்லை.' இவ்வளவுதான். சொன்னால் லேனர்ஸ் போய்விடும், ஆசனம் போய்விடும், கண் தெரியாத கிழவன் என்ற பெயர் வந்துவிடும். வாய்க்குள் கொழுக்கட்டை அடைத்தவன் மாதிரி இருந்தேன். அவரைவிட ஆறு வயது மூத்தவன் நான். எனக்கு முன்னால்தான் அவர் சொன்னார்: "மாஸ்டரில பிழை சொல்ல ஏலாது, அவர் நல்லாத்தான் பழக்கினவர், வயசுபோன காலத்தில கார் ஓட ஆசைப்பட்டது என்ர பிழை."

ஒன்பது நாள்

அன்றோடு அவர் கார்ச் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்று ரமீஸ் சொன்னார். கணவர் திரும்பவும் ஓட்டோவில். ஒரு நாள் ஓட்டோ வரப் பிந்தியதால் அவருடைய முறை தவறி, மறுநாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு போனாராம். ஒன்பதாம் நாள், பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டு விறாந்தையில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கண், கால், றப்பர், பொலிசில் இருந்த கொழுக்கட்டை, ஒன்றையும் விடவில்லை.

அம்மா என்னை இருக்கச் சொல்லவில்லை. பிறகு வார்ட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "முப்பத்தைஞ்சு வருஷம் ஆஸ்பத்திரியில நிண்டனான், மாஸ்டர். ஒரு மருந்தை மாறிக் குடுத்திட்டா அண்டைக்கே சொல்லவேணும். ஒன்பது நாள் பொத்தி வைச்சுப்போட்டு வாறேல்லை. முதல்ல பொலிசிலயும் அந்த மனுசனிட்டையும் போய்ச் சொல்லுங்கோ."

பொலிசில் சொன்னேன், புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதினார்கள். அதற்கு வரப்போகும் பலனை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு சல்லிக்குப் போனேன். தவராசா கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கரைக்கு வந்த மற்றவர்களின் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை கடலில் நல்ல மீன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "என்ர எலும்பு தானாப் பொருந்தும், ஐயா, அந்தம்மா என்னைப் பாக்க வந்து, இனிக் காரைத் தொடமாட்டன் எண்டு அழுதிட்டுப் போனவ, நீங்கள் போய் அதைப் பொருத்துங்கோ."

பின் ஆசனம்

கண் ஒப்பரேஷனுக்கு நாள் எடுத்துவிட்டேன். இடப்பக்க ஆசனத்தை ரமீஸிடம் கொடுத்துவிட்டேன். தங்கேஸ்வரி அம்மா திரும்பிப் பழக ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: நானும் வரவேண்டும், பின் ஆசனத்தில். ஐந்து நாள் காலையில் துறைமுகப் பக்கம் வெறும் வீதியில் ஒரே பாடம். ரமீஸ் இரண்டு காலையும் சப்பாணி கட்டி ஆசனத்தின் மேல் வைத்துக்கொண்டு, எதிர்பாராத நேரத்தில் "நில்!" என்று கத்துவார். முதல் நாள் அம்மா மிதிக்க, கார் முக்கி முனகி எங்கேயோ போய் நின்றது. இரண்டாம் நாள் அழுதார். மூன்றாம் நாள் ரமீஸோடு சண்டை பிடித்தார்.

ஐந்தாம் நாள் கத்தத் தேவையே வரவில்லை. பற்றைக்குள் இருந்து ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. கார் குத்தி நின்றது. என் நெற்றி முன் ஆசனத்தில் போய் மோதியது. ரமீஸ் சப்பாணி கட்டிய கோலத்திலேயே டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மான் ஒரு தரம் எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. நான் நெற்றியைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தபோது, அம்மா பின்னால் திரும்பியிருந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, கண் என்னில் இருந்தது. "இப்ப மிதிச்சது ஆரின்ர கால், மாஸ்டர்?"

உங்கட கால்தான் அம்மா என்று சொன்னேன், அதன் பிறகு இந்தப் பின் ஆசனத்தில் இருந்து நான் பழகுகிற பாடம் கையையும் காலையும் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது ஒன்றுதான், அதில் இன்னும் பாஸாகவில்லை.