கரும்புகை விட்ட கார்

நான் பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, அப்பாவின் பழைய பெட்ரோல் காரின் பின்சீட்டில். சூரியநெல்லி எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மாவுக்கு வலி பொறுக்கவில்லை. அப்பா ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "மௌனிகான்னு பேரு வச்சு என்ன, அன்னைக்கு மலையே அதிரக் கத்துனா" என்று இன்றும் என்னைக் கேலி செய்வார். பூப்பாறைச் சந்தைக்குப் போனால் லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் காருக்குள் அடைந்திருப்போம். அடடா, அதெல்லாம் ஒரு காலம்.

அப்பா பாண்டீஸ்வரன் எஸ்டேட் மெக்கானிக். மலையில் காற்று லேசு. கீழே டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் பெட்ரோலை அதிகமாகக் குடித்துப் புகை கக்கும். அதைச் சரிசெய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெருமையும் அவருக்கு ஏகத்துக்கு உண்டு.

முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும், காரை விற்கப் போவதாகச் சொன்னார். அம்மா மாரீஸ்வரி ஒரு துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வண்டியை வாங்க நினைத்த அடிமாலி செபாஸ்டின் அதைப் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலை, ஸ்டார்ட் செய்தால் குபுகுபுவென்று கரும்புகை. முந்தின நாள் நன்றாக ஓடிய வண்டி! பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. அப்பா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. காற்றை மறைக்கும் சோக் எங்கேயும் சிக்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்து ஊதி மறுபடி மாட்டினார். ம்ஹூம்.

"என் மானத்த வாங்கணும்னே நிக்குது சனியன்!" என்று டயரை உதைத்தார்.

கடைசியில் ஏர் ஃபில்டரின் காற்றுக்குழாய்க்குள் விரலை விட்டார். ஒரு துணி வந்தது. ஆயுதபூஜைக்கு வண்டி கழுவும்போது தண்ணீர் போகாமலிருக்க அம்மா அங்கே துணி அடைப்பாள், கழுவி முடித்ததும் எடுத்துவிடுவாள். ஆனால் பூஜை முடிந்து மாதக்கணக்காகிறது. காற்று பாதிகூடப் போகாமல் பெட்ரோல் மட்டும் இறங்கினால் எஞ்சின் புகையாமல் என்ன செய்யும்?

"ஏ மாரி, இது என்ன?"

"என் புள்ள பொறந்த வண்டிங்க. எவனுக்கோ குடுக்க எனக்கு மனசு வரல." சொல்லும்போதே அம்மா அழுதுவிட்டாள்.

வாசலில் செபாஸ்டினின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கி வருவதற்குள் அப்பா துணியை அதே குழாய்க்குள் திணித்து, பானெட்டை மூடி, வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

"எந்தா ஆசானே, இத்தனை புகை?" செபாஸ்டின் மலையாளம் கலந்து கேட்டுச் சிரித்தார். "உங்களுக்கே இத சரியாக்கத் தெரியலியா?"

ஊரிலுள்ள எஞ்சினையெல்லாம் சீராக்கிய என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியலையே சேட்டா."